ஃப்ளோராவின் எலுமிச்சை மூடி

ஊரடங்கு வருடத்தில் ஃப்ளோராவுக்கு நான் மூவாயிரம் ரூபாய் கடன்பட்டேன். வட்டி கேட்காமல் கொடுத்தாள். அடைத்துவிட்டேன். ஆகவே அவளைப் பற்றி எழுத எனக்குக் கூச்சமில்லை.

ராயபுரத்தில் கல்லறை கழுவும் வேலையில் இந்தச் சிலுவைமுத்துவை மிஞ்ச ஆள் கிடையாது. நாலாம் வகுப்போடு படிப்பு போச்சு. சொந்த வீடும் ஸ்கூட்டரும் இந்தக் கையால் வந்தவை. கல்லறைத் திருநாள் நெருங்கினால் என் போன் ஓயாது. நான் ஆசிட் ஊற்றித் தேய்த்த கருங்கல்லில் முகம் பார்க்கலாம்.

ஃப்ளோரா என்னிடம் சுண்ணாம்பு கலக்க வந்தவள். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய புருஷன் செத்துப்போனான். அப்புறம் ஒரு அடுக்குமாடி வீட்டில் தரை துடைத்தாள். நறுக்கிய எலுமிச்சையை மார்பிள் தரையில் வைத்து மறந்துவிட்டாள். அந்த இடம் மட்டும் வட்டமாய்ப் பளபளப்பு போனது, வேலையும் போனது. அப்புறம்தான் என்னிடம் வந்து தொழில் பழகி, தனியாகப் போனாள். அப்படிப்பட்டவளுக்கு இப்போது என்னைவிட வாடிக்கை அதிகம். சிரித்துச் சிரித்துப் பேசுகிறாள், வேறென்ன.

போன வருடம், ரயில்வேயில் ரிட்டையரான ஜானட் மேடம் எங்கள் இருவரையும் வரச்சொன்னார். அவருடைய தாயாரின் வெள்ளை மார்பிள் கல்லறை, ஆலைப் புகையும் மெழுகுவத்திக் கரியும் படிந்து கறுத்துக் கிடந்தது. இதை யார் வெளுக்கிறார்களோ அவர்களுக்கே குடும்பத்தின் ஏழு கல்லறைகளும் என்றார். நான் கேனைத் திறந்தேன். ஃப்ளோரா குறுக்கே உட்கார்ந்தாள்.

“ஊத்தாத நைனா.”

“இன்னாமே, என் பொழப்புல கை வெக்கிறியா? முப்பது வருசமா ஊத்திகினுகீறேன்.”

“அது கருங்கல்லு, தாங்கும். இது சுண்ணாம்பு ஜாதி. தரையில ஆசிட்டு கொட்டுனா நீ இன்னா பண்ணுவ?”

“சுண்ணாம்பு தூவுவேன். பொங்கி அடங்கிடும்.”

“இதுவும் அப்டித்தான் பொங்கும். கூடவே அவங்கம்மா பேரும் பூடும்.”

கல்லின் அடியில், மண் மூடும் மூலையில் ஒரு எலுமிச்சை மூடியைப் பிழிந்தாள். பொடிப்பொடியாய்க் குமிழ் கிளம்பியது. துடைத்ததும் அந்த இடம் மங்கிச் சொரசொரத்தது. ஜானட் மேடம் தாயாரின் பெயர் வெட்டிய எழுத்துகளை விரலால் தடவினார். பிறகு என் கேனை மூடச் சொன்னார்.

ஃப்ளோரா சோடா உப்பைக் குழைத்துப் பூசி, ஈரத்துணி போர்த்தி, மறுநாள் கழுவினாள். வெளுத்துத்தான் இருந்தது. என்னிடம் சுண்ணாம்புச் சட்டி தூக்கியவளைச் சுற்றி நாலு பேர் நின்று போன் நம்பர் கேட்கிறார்கள். என்னை ஒருத்தர் திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் மட்டும் பார்த்தாள். “ஏழுல மூணு கருங்கல்லு கீது நைனா. அது உன்து. உன் ஆசிட்டு அதுக்குத்தான் ஜோரு.”

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். கிறிஸ்துமஸ் செலவு வரப்போகிறதே என்று செய்துவிட்டேன். அவளுடைய நாலைவிட என் மூன்றுதான் பளபளத்தது. சந்தேகமிருந்தால் போய்ப் பாருங்கள்.

கல்லறைத் திருநாளன்று மாலை, ஜானட் மேடம் மொத்தப் பணத்தையும் ஃப்ளோராவிடமே கொடுத்தார். அவள் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, என் பங்கை ஐநூறு ஐநூறாக எண்ணி, நான் நீட்டியிருந்த உள்ளங்கையில் வைத்தாள்.