கடித்தது செவ்வாய்க்கிழமை

திருச்சி முன்சீப் கோர்ட்டில் முப்பது வருஷம் வக்கீல் குமாஸ்தாவாகக் குப்பை கொட்டியவன் நான். தோற்ற கட்சிக்காரனைப் பார்க்க எனக்கு ஒருநாளும் கூச்சம் வந்ததில்லை. ஜெயித்த ஒருவரைத்தான் இன்றுவரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவர் வரது. வழக்கு நாய்க்கடி. வருஷம் 1936.

ஸ்ரீரங்கத்தில் வடக்கு வாசலைத் தாண்டி ஒரு சின்னச் சந்நிதி. அதற்குக் கொள்ளிடத்திலிருந்து தீர்த்தம் சுமப்பது வரதுவின் குடும்ப கைங்கர்யம். விடியற்காலையில் ஆற்றில் முழுகிப் பித்தளைக் குடத்தைத் தோளில் ஏற்றினால், பெருமாள் முன்னால் இறக்கும்வரை யாரோடும் பேச மாட்டார். அதற்குக் கிடைப்பது கோயில் மடப்பள்ளியிலிருந்து இரண்டு பட்டை சாதம். ஊரில் எல்லாரும் அவரைப் பார்த்து வழி ஒதுங்குவார்கள், அவ்வளவுதான் மரியாதை. அந்த மரியாதையிலேயே அவர் வாழ்ந்தார்.

கொள்ளிடம் போகும் வழியில் முசிறி மில்காரர் சின்னையன் பங்களா கட்டியிருந்தார். அவருடைய நாய் டைகர், கன்றுக்குட்டி உயரம். ஆவணி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அது வரதுவின் வலது கெண்டைக்காலைக் கவ்வியது. தோளில் தீர்த்தம் இருந்ததால் அவர் ஓடவில்லை, கத்தக்கூட இல்லை. பால் ஊற்ற வந்த இருசம்மாள்தான் சொம்பை வீசி நாயை விரட்டினாள்.

அவர் ஆஸ்பத்திரிக்கு வந்தது வெள்ளிக்கிழமை. கால் வீங்கிச் சீழ் வைத்திருந்தது. "நாயைப் பத்து நாள் கட்டிப்போட்டுப் பாருங்க. உயிரோட இருந்தா பயமில்லை" என்றார் டாக்டர். நாய் எங்கே இருக்கிறது? சின்னையன் அதை வியாழக்கிழமையே அரிசி லாரியில் ஏற்றி முசிறிக்கு அனுப்பியிருந்தார். "என் நாயா? எந்த நாய்?" என்று கேட்டாராம். வேறு வழியில்லாமல் வரது வயிற்றில் பதினாலு ஊசி போட்டுக்கொண்டார். மூன்று மாதம் நொண்டினார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேண்டாம் வேண்டாம் என்றவரை எங்கள் வக்கீலிடம் இழுத்துப் போனவன் நான்தான். வக்கீல் சட்டத்தைச் சொன்னார். நாய் கடித்தது என்றால் மட்டும் போதாது. அது கடிக்கிற நாய் என்று சொந்தக்காரருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். அப்போதுதான் நஷ்டஈடு.

இருசம்மாள் முழங்கையை நீட்டிக் காட்டினாள். பழைய பல் தடம். "தை மாசம் என்னைக் கடிச்சுதுங்க. மில்காரரு ஒரு சேலை குடுத்து வாயை மூடிக்கச் சொன்னாரு. நான் வந்து சொல்றேன்." சொல்லப்போவது தெரிந்ததும் பங்களாவில் அவளுடைய பாலை நிறுத்தினார்கள்.

விசாரணை நாளன்று அவளைத்தான் முதலில் கூண்டில் ஏற்றினோம். செவ்வாய்க்கிழமை கண்ணால் பார்த்தேன் என்றாள். எதிர்க்கட்சி வக்கீல் ஆஸ்பத்திரி ரிஜிஸ்தரைத் தூக்கிக் காட்டினார். "கடிபட்டவர் வந்தது வெள்ளிக்கிழமை. நாய் வியாழக்கிழமையே ஊரில் இல்லை. பாலை நிறுத்திய வன்மத்தில் இந்தப் பெண் பொய் சொல்கிறாள். இவள் மேல் பொய்ச் சாட்சிக்கு நடவடிக்கை கோரப் போகிறேன்." அவள் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அப்போதுதான் முன் பெஞ்சைப் பார்த்தேன். சந்நிதி அதிகாரி சாரங்கபாணி ஐயங்கார் உட்கார்ந்திருந்தார். எதிர்க்கட்சிதான் சம்மன் அனுப்பி வரவழைத்திருந்தது. சந்நிதிக்கு யார் என்றைக்குக் குடம் சுமந்தார் என்ற கணக்கு அவர் கையில்தான் என்பது எனக்குச் சட்டென்று உறைத்தது.

மத்தியான இடைவேளையில் வரதுவை வேப்பமரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போனேன்.

"கடிபட்டப்புறம் தீர்த்தம் கொண்டு போனது யாரு, சாமி?"

"அடியேன்தான்."

"மூணு நாளுமா?"

"பவித்ரோத்ஸவம், பிள்ளைவாள். வருஷம் பூரா பூஜையில நேர்ந்த குத்தம் கொறைக்கெல்லாம் சேர்த்துப் பண்றது. அடியேன் போகலேன்னா குடம் எடுக்க அன்னிக்கு ஆளில்லை. துணியைச் சுத்திண்டு போயிட்டேன்."

ரத்தம் கசியும் புண்ணோடு சந்நிதிக்குள் கால் வைக்கவே கூடாது. தெரிந்தால் மூன்று நாள் உற்சவமும் பழுது. குடமும் அவர் தோளை விட்டுப் போய்விடும். அவர் ஏன் வெள்ளிக்கிழமை வரை ஆஸ்பத்திரிக்கு வரவில்லை என்று இத்தனை நாள் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. முப்பது வருஷ அனுபவம் என்று பீற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

"வெள்ளிக்கிழமை கடிச்சுதுன்னு சொல்லிடுங்க. கேஸ் போனா போகட்டும். கைங்கர்யம் நிலைக்கும்" என்றேன். வெட்கமில்லாமல் சொன்னேன்.

"இருசம்மா?" என்றார்.

அதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

கூண்டில் அவர் சத்தியம் செய்தார். எதிர்க்கட்சி வக்கீல் அவசரப்படவே இல்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "எந்தக் கிழமை கடித்தது, ஐயங்காரே? யோசித்துச் சொல்லும்" என்றார். வரது அதிகாரியைப் பார்த்தார். பிறகு கதவோரம் நின்ற இருசம்மாளைப் பார்த்தார். அவள் முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். முன்சீப் பேனாவை மையில் தோய்த்துவிட்டுக் காத்திருந்தார். 'வெள்ளி, வெள்ளி' என்று என் மனசு அடித்துக்கொண்டது.

"செவ்வாய்க்கிழமை."

"அப்படியா? அன்றைக்குச் சந்நிதிக்குக் குடம் சுமந்தது யார்?"

"அடியேன்."

"புதன்கிழமை?"

"அடியேன்."

"வியாழக்கிழமை?"

"அன்னிக்கும் அடியேன்தான். மூணு நாளும் புண்ணோடதான் உள்ள போனேன். அந்த அம்மா சொன்னது அத்தனையும் நிஜம்."

சாரங்கபாணி ஐயங்கார் எழுந்தார். உத்தரீயத்தை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வெளியே போனார். அவரைச் சாட்சிக்கு அழைக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று.

நாங்கள் ஜெயித்தோம். இருநூற்றைம்பது ரூபாயும் செலவுத் தொகையும் தீர்ப்பானது. வக்கீல் என் முதுகில் தட்டினார். சின்னையன் மறு வாரமே டைகரை முசிறியிலிருந்து திரும்பக் கொண்டுவந்து அதற்கு இரும்புச் சங்கிலி வாங்கினார்.

சந்நிதியில் உற்சவத்தை மறுபடி செய்தார்கள். அதிகாரி கெட்டவர் இல்லை. ஆள் அனுப்பாமல் தானே வரதுவின் வீட்டுக்குப் போய் முடிவைச் சொன்னார் என்று கேள்விப்பட்டேன். குடம் சுமக்கும் முறை வரதுவின் சித்தப்பா மகன் கோபுவுக்குப் போயிற்று. தீட்டுப்பட்ட பழைய குடம் இனி ஆகாது. தீர்ப்புப் பணத்தில் புதுக்குடம் வாங்கித் தருவதாக வரதுவே முன்வந்து சொன்னாராம்.

பெரிய கடைவீதியில் குடம் வாங்க நானும் கூடப் போனேன். அது ஒன்றுதான் என்னால் முடிந்தது. மறுநாள் விடியலில் காலிக்குடத்தை அவரே தோளில் வைத்துக்கொண்டு, லேசாக நொண்டியபடி சந்நிதி வாசல்வரை வந்தார். அங்கே இறக்கினார். கோபு எடுத்துக்கொண்டு கொள்ளிடத்துக்குக் கிளம்பினான். நாங்கள் இருவரும் பின்னால் நடந்தோம்.

பங்களா பக்கம் வந்ததும் டைகர் குரைத்தது. கோபு அப்படியே நின்றுவிட்டான்.

"சங்கிலி போட்டிருக்காடா. பயப்படாம போ" என்றார் வரது.