அன்ரனுடைய துடிப்பு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் இப்படியான கதைகளைக் கேட்டுச் சிரிக்கிற ஆள். ஞாயிறு பூசைக்குப் போவேன், இறந்தவர்களுக்காகச் செபிப்பேன், ஆனால் இறந்தவர்கள் திரும்பி வந்து கதவைத் தட்டினார்கள் என்று யாராவது தொடங்கினால் எழும்பித் தேத்தண்ணீர் போடப் போய்விடுவேன். பதினாறு வருடமாகக் கார்டெறி என்கிற பிள்ளைகள் காப்பகத்தில் சின்னப் பிள்ளைகளைப் பராமரிக்கிறேன். கட்டிலுக்கு அடியில் ஒன்றும் இல்லை என்று பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் தமிழிலும் எத்தனை பிள்ளைகளுக்குச் சத்தியம் செய்து கொடுத்திருப்பேன். அதனால் நீங்கள் நம்பாவிட்டால் எனக்குக் கோபம் வராது. உங்கள் இடத்தில் நான் இருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

என் கணவர் அன்ரன் மே மாதம் முதல் கிழமையில் இறந்துபோனார். ஞாயிறு காலை, சென்வில் வீதியில், சைக்கிள் ஓடிக்கொண்டிருந்தபோது. கல்மதில் ஒன்றின் ஓரமாக விழுந்து கிடந்தவரை நாயோடு நடக்க வந்த ஒரு பெண்தான் கண்டு அம்புலன்ஸுக்கு அடித்திருக்கிறாள். மாரடைப்பு. வயது ஐம்பத்திரண்டு. சிகரெட் இல்லை, குடி இல்லை, சைக்கிள் மட்டும்தான்.

எங்களுக்கு பியர்பொன்ட்ஸில் வீடு. நாற்பது வயதுக்குப் பிறகு இந்த சைக்கிள் பைத்தியம் அவரைப் பிடித்தது, அவரிடமிருந்து எனக்கும் தொற்றியது. நான்கு கோடைகாலம் நாங்கள் சேர்ந்து ஓடினோம். சேர்ந்து என்றால், அவர் முன்னால், நான் பின்னால். முன்னால் ஓடுகிறவர் காற்றைக் கிழித்துக்கொண்டு போவார், அவருடைய பின்சில்லுக்கு ஒரு முழம் பின்னால் ஒட்டிக்கொண்டால் நமக்குப் பாதிப் பாரம்தான். அந்த நான்கு வருடமும் எதிர்க்காற்று என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது.

பெப்ரவரியில், வெளியே பனி குவிந்து கிடக்கும்போது, ஜூன் மாத நூறு கிலோமீற்றர் ஓட்டம் ஒன்றுக்கு இரண்டு பேரையும் பதிந்து வைத்திருந்தார். எனக்கு அது மறந்தே போயிருந்தது. ஓட்டத்துக்கு ஒரு கிழமை இருக்கும்போது இமெயில் வந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் அடுத்தடுத்த இலக்கம். மகள் ஷெரின், "அம்மா, வேண்டாம், நான் கான்சல் பண்ணிவிடுறன்" என்றாள். நான் ஓடப்போகிறேன் என்று சொன்னேன். ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியாது. வீட்டுக்குள் இருக்க முடியவில்லை, அதுதான்.

திங்கள் மாலை அவருடைய கருவியை எடுத்து என் சைக்கிள் ஹாண்டிலில் பூட்டினேன். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய சாமான், வேகம், தூரம் எல்லாம் காட்டும். இதயத் துடிப்பும் காட்டும், ஆனால் அதற்கு நெஞ்சில் ஒரு பட்டி கட்ட வேண்டும். நான் ஒருநாளும் கட்டியதில்லை. அவர் கட்டுவார். ஆஸ்பத்திரியில் தந்த பையில் சப்பாத்து, ஹெல்மட், மோதிரம் எல்லாம் இருந்தன, பட்டி மட்டும் இல்லை. அவசரத்தில் வெட்டி எறிந்திருப்பார்கள். ஆகவே திரையில் துடிப்புக்குரிய கட்டத்தில் இரண்டு சின்னக் கோடுகள்தான் கிடந்தன. அன்று இரவு முழுக்க அப்படித்தான் கிடந்தன.

செவ்வாய் நான்கு மணிக்கு வேலை முடிந்து வந்து, குவான் வீதியால் மேற்கே ஓடினேன். ஆறு கிழமை சைக்கிளைத் தொடாத உடம்பு, மேல்காற்று முகத்தில் அறைகிறது, அழுகை வேறு. சென்வில் வீதிக்கு வரும்போது குனிந்து பார்த்தேன், கட்டத்தில் 128 என்று இருந்தது. பரவாயில்லை, நான் நினைத்த அளவுக்கு மூச்சு இளைக்கவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். கொஞ்சத் தூரம் போன பிறகுதான் நெஞ்சில் பட்டி இல்லை என்பது உறைத்தது. பிறேக் பிடித்துக் காலை ஊன்றி நின்றேன். 128, 121, 114. ஒரு மனிதர் ஓடி நின்று மூச்சு வாங்கும்போது இறங்குமே, அந்த மாதிரி இறங்கியது. பிறகு கோடுகள்.

நீங்கள் நினைப்பதைத்தான் நானும் நினைத்தேன். கருவி பழுது.

புதன்கிழமை வேலை முடிந்து ஜோர்ஜ் அண்ணையிடம் கொண்டுபோனேன். அன்ரனோடு ஓடுகிறவர், ரொக்ஸ்பரோவில் இருக்கிறார், இந்தச் சாமான்கள் எல்லாம் அவருக்கு அத்துப்படி. கராஜில் வைத்து அமத்தி அமத்திப் பார்த்தார்.

"பழுது ஒண்டும் இல்லை ரெஜினா. பக்கத்தில ஆரும் பட்டி கட்டிக்கொண்டு ஓடியிருப்பினம்."

"ஒருத்தரும் இல்லை அண்ணை. றோட்டில நான் தனிய."

அவர் இன்னும் எதையோ அமத்தினார். பிறகு கருவியை மேசையில் வைத்துவிட்டார். "இது வேற ஆற்றையும் எடுக்காது. அன்ரன்ரை பட்டியோடை மட்டும்தான் இணைச்சுக் கிடக்கு."

"அந்தப் பட்டியை ஆரும் எடுத்துக் கட்டிக்கொண்டு திரிஞ்சா?"

"அப்பிடியெண்டா அந்த ஆள் உமக்கு ரெண்டு மூண்டு மீற்றருக்குள்ள நிண்டிருக்க வேணும்." என் முகத்தைப் பார்த்துவிட்டு, "விடும், சும்மா பற்றறிப் பிரச்சினையா இருக்கும்" என்றார். அவருடைய குரலில் அது பற்றறிப் பிரச்சினை மாதிரி இல்லை.

வியாழக்கிழமை மறுபடியும் அதே பாதை. உண்மையைச் சொன்னால் நான் அன்றைக்குப் பயிற்சிக்குப் போகவில்லை, அந்த இலக்கத்தைப் பார்க்கத்தான் போனேன். சென்வில் தொடங்கும் இடத்தில் வந்தது. 119. எனக்குப் பயம் வரவில்லை, அதுதான் அதிசயம். சந்தோஷம் என்றும் சொல்ல முடியாது. மரங்கள் எல்லாம் என் பக்கமாக வளைந்து ஆடுகின்றன, ஒரு வீட்டு வாசலில் கொடி படபடவென்று அடிக்கிறது, ஆனால் என் முகத்தில் காற்று இல்லை. கால் லேசாகச் சுற்றுகிறது. அந்த லேசு எனக்கு நன்றாகத் தெரிந்த லேசு.

இலக்கம் ஏறிக்கொண்டு போனது. 131. 140. 148. எனக்குப் பாரம் இல்லை என்றால் பாரம் யாருக்கு? அப்போதுதான் அந்தக் கல்மதில் இன்னும் ஒரு கிலோமீற்றரில் வரப்போகிறது என்று நினைவு வந்தது.

"இஞ்சருங்கோ, மெல்ல ஓடுங்கோ" என்று சத்தமாகச் சொன்னேன். எதிரே ஓடி வந்த ஒரு இளம்பெண் காதில் இருந்ததைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை, திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வேகத்தைக் குறைத்தேன். 150. இன்னும் குறைத்தேன், நடக்கிற வேகத்துக்கு வந்துவிட்டேன். 144. 131. இறங்கி சைக்கிளை உருட்டிக்கொண்டு அந்த மதிலைக் கடந்தேன், ஒவ்வொரு அடிக்கும் திரையைப் பார்த்துப் பார்த்து. 102. 97. மதில் முடிந்தது. 97 அப்படியே நின்றது. புல்லில் குந்தியிருந்து அழுதேன். அவர் அந்த இடத்தைத் தாண்டிவிட்டார் என்று எனக்குள் ஒரு விசர் சந்தோஷம்.

வெள்ளி ஓய்வு நாள். வீட்டுக்குள் நடந்து நடந்தே பொழுது போனது.

சனிக்கிழமை காலை இருபது கிலோமீற்றர் மட்டும், கால் இளக்குவதற்காக. அன்றைக்கு வீட்டு வாசலிலேயே இலக்கம் வந்துவிட்டது. பாதை முழுக்க என்னோடு இருந்தது, நூறு, நூற்றைந்து, அவ்வளவுதான். நான் கதைத்துக்கொண்டே ஓடினேன். ஷெரினைப் பற்றி, கூரையில் ஒழுகுகிற இடத்தைப் பற்றி. பத்து மணிக்கு முன்னமே வீட்டுக்கு வந்து, கருவியைக் கழற்றி, குசினி மேசையில் கவிழ்த்து வைத்தேன். கோடுகள் வருவதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. ஓட்டத்தை முடித்துவைக்கும் பொத்தானையும் அமத்தவில்லை.

தேத்தண்ணீர் போட்டுக்கொண்டு மேசையில் இருந்தேன். அங்கேதான், மகளுக்குக்கூடச் சொல்லாத ஒன்றை முதல்தடவை வாய்விட்டுச் சொன்னேன். அந்த ஞாயிறு காலை அவர் கட்டில் ஓரத்தில் இருந்து, "இடக்கை உளையுதப்பா, இண்டைக்கு விடுவமோ?" என்று கேட்டார். எனக்கு நித்திரை. இன்னும் ஒரு மணித்தியாலம் தனியாகப் படுக்க ஆசை. "பிழையாப் படுத்திருப்பியள், ஓடினாச் சரியாப் போயிடும், போட்டு வாங்கோ" என்று சொல்லிவிட்டு மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தேன். அவர் சிரித்த சத்தம் கேட்டது, கதவு சாத்துகிற சத்தம் கேட்டது, அவ்வளவுதான்.

"நான்தான் உங்களைப் போகச் சொன்னனான்" என்று அந்த வெறும் குசினியில் சொன்னேன். அதற்குப் பிறகு என்னைக் கட்டுப்படுத்த முடியவில்லை, மேசையில் தலையை வைத்துக் குழறினேன். அந்த நேரம் கைத்தொலைபேசியில் ஷெரினின் செய்தி வந்தது, வீட்டுக்கு வந்துவிட்டீர்களா என்று. முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஓம், வந்துவிட்டேன் என்று பதில் போட்டேன்.

ஞாயிறு நூறு கிலோமீற்றரும் ஓடி முடித்தேன். ஜோர்ஜ் அண்ணை பக்கத்தில் வந்தார். காலை ஆறு மணியிலிருந்து பிற்பகல் வரைக்கும் அந்தக் கட்டத்தில் இரண்டு கோடுகள்தான். எதிர்க்காற்று என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அதற்குப் பிறகு இன்றுவரைக்கும் கோடுகள்தான்.

அடுத்த நாள் ஷெரின் வந்து, என் ஓட்டத்தை எடுத்துவைக்கவேண்டும் என்று கருவியைக் கொம்பியூட்டரில் மாட்டினாள். ஞாயிற்றுக்கிழமையைப் பார்த்துவிட்டுச் சனிக்கிழமையைத் திறந்தாள். அவளுக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை, பட்டி காணாமல் போனதும் அவளுக்குத் தெரியாது. திரையில் சிவப்புக் கோடு ஒன்று மேலும் கீழுமாக ஓடியது.

"அம்மா, நீங்க ஸ்டொப் பண்ண மறந்திட்டீங்க. வீட்டை வந்த பிறகும் ரெக்கோர்ட் பண்ணிக்கொண்டே இருக்கு, பற்றறி சாகும் மட்டும்."

சைக்கிள் நின்ற பிறகும் கோடு விழவில்லை. மெல்ல மெல்ல இறங்கி, அறுபத்தொன்றுக்கு வந்து, ஒரு மனிதர் கதிரையில் ஆறுதலாக இருப்பது மாதிரி நேராகப் போனது. ஐம்பது நிமிடத்துக்கும் மேலாக. அந்த நேர்கோட்டின் நடுவில் ஓரிடத்தில் மட்டும் சடாரென்று ஏறியிருந்தது, அறுபத்தொன்றிலிருந்து நூற்றுப் பதினெட்டுக்கு. ஒரு நிமிடம் அங்கேயே நின்று, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியிருந்தது.

ஷெரின் விரலை அதில் வைத்தாள். "பத்து பதினேழுக்கு என்ன நடந்தது அம்மா? பயந்தீங்களா?"

நான் கைத்தொலைபேசியை எடுத்து அவளுடைய செய்தி வந்த நேரத்தைப் பார்த்தேன். பத்து பதினெட்டு.

"ஒண்டுமில்லை பிள்ளை" என்றேன். "தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு இருந்தனான்."