ஒற்றைப்படைக்கு இடமில்லாத இடம்

ரத்தப் பரிசோதனை லேப் ஒன்றுக்கு நாவலூரில் இருக்கும் நாங்கள்தான் சாஃப்ட்வேர் செய்து கொடுத்தோம். நான் டெஸ்டிங் லீட். அஸ்தினாபுரத்தில் அவர்களின் புதுக் கிளை திறந்த அன்று, பதினொரு மணிக்கு அங்கிருந்து டெக்னீஷியன் செல்வி போன் செய்தார்.

"மேடம், எங்க அண்ணனுக்கு டெங்கு. பிளேட்லெட் பதினெட்டாயிரம், மெஷின்ல நானே பாத்தேன். ஆஸ்பத்திரில ரிப்போர்ட் பாக்க உங்க போர்ட்டலைத் தொறந்தா ரெண்டு லட்சம்னு கீதாம். வூட்டுக்குப் போலாம்னு டாக்டர் சொல்லிட்டாரு!"

"உடனே டாக்டருக்கு போன் பண்ணி, மெஷின்ல இருக்கறத அப்படியே படிங்க" என்று சொல்லிவிட்டுப் போர்ட்டலை நிறுத்தினேன்.

புதுக் கிளையின் வரிசையை 4301-இல் தொடங்கியிருந்தார்கள்; அண்ணனின் சாம்பிள் நம்பர் 9100000000004317. டேட்டாபேஸில் அது சரியாகத்தான் இருந்தது. திரையில் மட்டும் கடைசி இலக்கம் 6. அந்த 4316, காய்ச்சல் இல்லாத வேறொருவருடையது. 4315-ஐப் போட்டுப் பார்த்தேன். அதுவும் 4316-ஆகவே வந்து நின்றது.

டெவலப்பர் ஜெபா போர்டில் ஒரு எண்ணை எழுதினான்: 9007199254740992.

"ரெண்டை அம்பத்து மூணு தடவை பெருக்கினா இதுதான்க்கா. இதுவரைக்கும் பிரவுசர் எல்லா முழு எண்ணையும் சரியா வச்சுக்கும். இதைத் தாண்டினா ஒத்தைப்படையே கிடையாது. பக்கத்து இரட்டைப்படையில போய் ஒட்டிக்கும்."

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே போனால் ஓர் இடத்துக்குப் பிறகு பாதி எண்களைக் காணவில்லை! அமெரிக்காவிலும் தாம்பரத்திலும் அதே எண்ணில்தான் பிரவுசர் தடுக்கி விழும். இருபது வருடமாக எண்களோடு மாரடிக்கிறேன், இப்படி ஒரு எல்லைக்கல் இருப்பது எனக்குத் தெரியவில்லை. வெட்கத்தை மீறி உடம்பு சிலிர்த்தது.

மற்ற கிளைகளின் நம்பர்கள் 11, 12 என்று தொடங்கும். எல்லைக்கு வெகு கீழே. புதுக் கிளைக்கு மட்டும் 91. "நம்ம நாட்டு போன் கோடு, ராசியா இருக்கும்" என்று அவர்களுடைய மேனேஜர் ஆசைப்பட்டு வைத்தது. ராசி நன்றாகத்தான் வேலை செய்தது.

ஆனால் மேனேஜரைத் திட்டி என்ன பயன்? அந்த 91-ஐ டெஸ்ட் செய்து கையெழுத்துப் போட்டவள் நான். கடைசி இலக்கங்களாக நான் கொடுத்தவை 10, 20, 30. டெஸ்டர்கள் எல்லோருக்கும் உள்ள பழக்கம், ரவுண்டாகப் போடுவது. அத்தனையும் இரட்டைப்படை, அத்தனையும் பாஸ்.

நம்பரை எண்ணாக வைக்காமல், பிரவுசர் அப்படியே காட்டும் எழுத்தாக வைக்கும்படி மாற்றினோம். மாலையில் செல்வி மறுபடி பேசினார். அண்ணனை அட்மிட் செய்துவிட்டார்களாம், இனி பயமில்லையாம்.

"இன்னா மேடம் ஆச்சு?"

"உங்க அண்ணன் நம்பர் ஒத்தைப்படைங்க. அதான்..."

"அதுக்கு அவரு இன்னா மேடம் பண்ணுவாரு?"

மன்னிப்புக் கேட்டேன். இப்போது எந்த டெஸ்டிலும் நான் முதலில் போடுவது 4317.