பண்ணை முட்டையை அடை வைத்த பள்ளிக்கூடம்

எங்கள் ஊரில் யாராவது கோமாளித்தனமாக ஒரு காரியம் செய்தால், "பண்ண முட்டைய அட வெச்ச கதையாட்ட இருக்குது" என்று சொல்வார்கள். அந்தப் பேச்சு பிறந்த இடம் எங்கள் பள்ளிக்கூடம். அதை ஊர் முழுக்கப் பரப்பியது நான்.

எருமப்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது எங்கள் ஊர். வீட்டுக்கு ஒருவராவது கோழிப்பண்ணையில் வேலை செய்வார்கள். பண்ணையில் கூண்டுக்குள் இருக்கும் கோழிகள் சேவல் முகமே பார்க்காமல் முட்டையிடுகிறவை. அந்த முட்டையை எத்தனை நாள் அடை வைத்தாலும் குஞ்சு வராது. இது ஊரில் எல்லோருக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரிந்ததை யாரும் தனியாக உட்காரவைத்துச் சொல்லித்தர மாட்டார்கள் அல்லவா? அதனால் மூன்றாம் வகுப்பு படித்த எனக்கு மட்டும் தெரியாது.

அந்த வருஷம் எங்கள் அரசுத் தொடக்கப்பள்ளி மூடப்படும் நிலையில் இருந்தது. காலையில் தனியார் பள்ளிகளின் மஞ்சள் வேன்கள் வந்து ஊர்ப் பிள்ளைகளை டை கட்டிய கழுத்தோடு அள்ளிக்கொண்டு போயின. ஒன்றாம் வகுப்பில் ஒருவரும் இல்லை. புதிதாகப் பிள்ளைகள் சேராவிட்டால் பள்ளியை மூடிவிடுவார்கள் என்று பேச்சு. மூடினால் என்னை அண்ணன் படிக்கும் நாமக்கல் ஆஸ்டலில் போட்டுவிடுவதாக அப்பா சொல்லிவிட்டார். அண்ணன் லீவுக்கு வந்தால் திரும்பிப் போகிற அன்று சோறு இறங்காமல் உட்கார்ந்திருப்பான்.

டீச்சர் ஒரு யோசனை செய்தார். முழுப்பரீட்சை லீவுக்கு முன்னால் ஒரு நாள், ஊர்க்காரர்கள் எல்லோரும் பள்ளிக்கூடத்தை வந்து பார்க்க வேண்டும். நாங்கள் அட்டைகளைப் பிடித்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய்க் கூப்பிட்டோம். "வாரோம் சாமி, வாரோம்" என்று சொன்னவர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். மறுநாள் டீச்சர் என்னிடம், "உங்க ஊட்டுல அடைக்கோழி இருக்குதா?" என்று கேட்டார்.

இருந்தது. கூடையில் தவிடு பரப்பி, அம்மாவிடம் கெஞ்சி, கோழியைத் தூக்கிக்கொண்டு போனேன். பண்ணையில் வேலை செய்த என் மாமாவிடம் முட்டை கேட்டு வரச் சொன்னார் டீச்சர். மாமா எதற்கு என்று கேட்டார். சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் வண்டிச்சாவி கீழே விழுந்தது.

"உங்க டீச்சரம்மா டவுன்காரங்களா கண்ணு?"

"பஸ்ஸுல வருவாங்க மாமா."

"அதான பாத்தேன். கொண்டு போ, கொண்டு போ."

வகுப்பின் பின்மூலையில் கூடை வைக்கப்பட்டது. மாமா கொடுத்த முட்டைகளில் டீச்சர் நீலக் கோடு போட்டார். தன் பையிலிருந்து, துணியில் சுற்றிய நாட்டுக்கோழி முட்டைகள் சிலவற்றை எடுத்து அவற்றில் சிவப்புக் கோடு போட்டார். எல்லாவற்றையும் கோழிக்கு அடியில் தள்ளிவிட்டு, அன்றைக்குக் கணக்கு வைத்துக் குஞ்சு பொரிக்கும் நாளையே ஊர் வரும் நாளாகக் குறித்தார்.

"இப்ப போயி, பண்ண முட்டைய அட வெச்சிருக்கறோம், வந்து பாருங்கன்னு சொல்லு" என்றார்.

"நாட்டுக்கோழி முட்டையச் சொல்ல வேண்டாங்களா டீச்சர்?"

"வேண்டாம். இத மட்டும் சொல்லு."

சொன்னேன். தொண்டை கட்டச் சொன்னேன். இந்த முறை எந்தக் கதவும் சாத்தப்படவில்லை. தீவனம் இறக்குகிறவர்கள், முட்டை அடுக்குகிற பெண்கள், டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் என்று எல்லோரும் என்னை நிறுத்தி நிறுத்தி மறுபடி சொல்லச் சொன்னார்கள். நான் பெருமையோடு சொன்னேன். அவர்கள் சிரித்துக்கொண்டே, "கண்டிப்பா வாரோம்" என்றார்கள். மாமா எங்கள் வீட்டு வாசலில் நின்று, "கேப்பையில நெய் வடியுதுன்னா கேக்கறவனுக்கு மதி எங்க போச்சு? படிச்சவங்களே இப்பிடி இருந்தா, எம்பையன அங்க எப்பிடிச் சேக்கறது?" என்று அம்மாவிடம் சொன்னார். அவர் மகனுக்கு ஐந்து வயது. மஞ்சள் வேனுக்குப் பேசியாகிவிட்டது.

அப்போதுதான் ஊர் சிரிப்பது எங்கள் டீச்சரைப் பார்த்து என்பது எனக்கு உறைத்தது. ஏன் என்று அம்மாவைக் கேட்டேன். "அதுல குஞ்சு வராதுடீ" என்றார். அவமானம் தாங்காமல் பாயில் குப்புறப் படுத்து அழுதேன். காலையில் டீச்சரிடம் ஓடி, "எல்லாருஞ் சிரிக்கறாங்க டீச்சர். எடுத்துப் போட்டரலாங்க" என்றேன். அவர் என் ரிப்பனைச் சரிசெய்துவிட்டு, கோழிக்குத் தண்ணீர் வைக்கச் சொன்னார். இவ்வளவு சொல்லியும் விளங்காத டீச்சரை நினைத்து எனக்கு இன்னும் துக்கமாகிவிட்டது.

அந்த நாள் வந்தது. ஊரே வந்தது. கல்யாணத்துக்கு வருவதுபோல் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். மாமா மகனைத் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் நின்றார். டீச்சர் கோழியை மெல்லத் தூக்கினார். சிவப்புக் கோட்டு ஓடுகள் உடைந்து கிடந்தன. ஈரம் காயாத குஞ்சுகள் தள்ளாடிக்கொண்டிருந்தன. ஒரு முட்டை எல்லோர் கண் முன்னாலேயே விரிசல் விட்டு, உள்ளேயிருந்து ஒரு மூக்கு எட்டிப் பார்த்தது. நீலக் கோட்டு முட்டைகள் வைத்தது வைத்தபடி இருந்தன.

"இது பொரிச்சிருக்குது, அது பொரிக்கல. ஏனுங்க?" என்று டீச்சர் கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார்.

ஆளாளுக்குக் கத்தினார்கள். "சேவல் இல்லாம எப்பிடிங்க வரும்?" என்றது ஒரு குரல். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். "அப்பிடிங்களா? புள்ளைங்களுக்குப் புரியறாப்புல யாராவது சொல்றீங்களா?" என்று டீச்சர் சாக்பீஸை மாமாவிடம் நீட்டினார். மாமா மகனை இறக்கிவிட்டு, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, கரும்பலகையில் ஒரு கோழி வரைந்தார். அது ஆடு மாதிரி இருந்தது. ஆனால் நன்றாகவே சொன்னார். நாங்கள் கேள்வி கேட்டோம். அவருக்குத் தெரியாத ஒன்றுக்கு நான்காம் வகுப்பு அக்கா புத்தகத்தை விரித்துப் படித்துக் காட்டினாள். இங்கிலீஷ் பெயர் ஒன்றைத் தடுமாறாமல் படித்தபோது, பின்னால் நின்ற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சிரிக்க வந்தவர்கள் சுவரில் இருந்த படங்களைப் பார்த்தார்கள், குழாயைத் திருகிப் பார்த்தார்கள், பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்கள்.

மாமா கிளம்பியபோது மகனைக் காணோம். கூடைக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான்.

"இதுங்களுக்கு யாரு தீனி போடுவாங்க?" என்று டீச்சரைக் கேட்டான்.

"ஒன்னாம் வகுப்புப் புள்ளைங்கதான் போடோணும். ஆனா ஒன்னாம் வகுப்புல யாரும் இல்லையே சாமி."

மாமா எவ்வளவோ இழுத்தும் அவன் எழுந்திருக்கவில்லை. மறுவாரம் அவன் பெயர்தான் பதிவேட்டில் முதலில் ஏறியது. அவனைப் பார்த்து இன்னும் சிலர் சேர்ந்தார்கள். பள்ளிக்கூடம் பிழைத்தது. நான் ஆஸ்டலுக்குப் போகவில்லை.

காலேஜில் இடம் கிடைத்தபோது, இனிப்பு எடுத்துக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போனேன். அதுவரை அவர் வீட்டை நான் பார்த்ததில்லை. வீட்டுக்குப் பின்னால் நீளமான இரண்டு கொட்டகைகள், துருப்பிடித்த கூண்டுகள். அவருடைய அப்பா வைத்திருந்த கோழிப்பண்ணையாம். டீச்சர் தவழ்ந்து வளர்ந்ததே அந்தக் கூண்டுகளுக்கு நடுவில்.

"அப்ப உங்களுக்கு அன்னைக்கே..." என்று இழுத்தேன்.

"சிரிக்கறதுக்குன்னாலும் பள்ளிக்கூடத்துக் கேட்டுக்குள்ள வந்தாங்கல்ல" என்றார் டீச்சர். காப்பி ஆறுகிறது, குடி என்றார்.

மாமா இப்போதும் விசேஷ வீடுகளில் அந்தக் கதையைச் சொல்வார். "அந்த டீச்சரம்மாளுக்கு ஒன்னுந் தெரியாது, பாவம். நாந்தான் போயிச் சொல்லிக் குடுத்தேன்" என்று முடிப்பார். நான் திருத்துவதில்லை. பாயில் குப்புறப் படுத்து டீச்சருக்காக நான் அழுத அந்த ராத்திரி, அவர் நிம்மதியாகத் தூங்கியிருப்பார் என்று அந்த வயதில் எனக்கு எப்படித் தெரியும்?