ஜட்காக் குதிரையில் வந்த ரெஜினா

ரெஜினா போய்விட்டாள்.

காலையில் அவள் மகள் போன் செய்தாள். "செல்வி ஆன்ட்டி, அம்மா தூக்கத்துலயே..."

என் பதிவுகளைப் படிக்கிற பலருக்கு ரெஜினாவைத் தெரியாது. வில்லியனூர் பக்கத்து உறுவையாற்றுக்காரி. எண்பதுகளில் என்னோடு மில்லில் நூல் சுற்றும் வைண்டிங் செக்‌ஷனில் வேலை பார்த்தவள். எனக்குப் பக்கத்து மெஷின். அவளைப் போல ஒரு காமிக்ஸ் பைத்தியத்தை இன்றுவரை நான் பார்த்ததில்லை.

சாப்பாட்டு நேரத்தில் ஒரு கையில் டிபன் பாக்ஸ், மறு கையில் காமிக்ஸ். குழம்புக் கறை படாத புத்தகம் அவளிடம் ஒன்றுகூடக் கிடையாது.

ஒரே ஒரு விஷயத்தில்தான் அவளுக்குக் கடுப்பு. எந்தக் கடைக்குப் போய் காமிக்ஸ் கேட்டாலும் "தம்பிக்காம்மா?" என்பார்கள். அவளுக்குத் தம்பியே கிடையாது!

ஒரு கோடையில், வில்லியனூரில் வாடகைப் புத்தகக் கடை வைத்திருந்தவர் கல்யாண மண்டபம் பிடித்து காமிக்ஸ் ரசிகர் விழா நடத்தினார். பழைய புத்தகங்களை மாற்றிக்கொள்ளலாம். வினாடி வினா உண்டு. மாறுவேடப் போட்டியும் உண்டு.

போட்டிக்குப் பரிசு, ரெஜினா ஊர் ஊராகத் தேடிக்கொண்டிருந்த ஒரு கதையின் இரண்டாம் பாகம். முதல் பாகம் முடியும்போது ஹீரோ மலை உச்சியில் ஒற்றைக் கையால் தொங்கிக்கொண்டிருந்தான். பாவம், வருடக்கணக்காகத் தொங்கினான்.

"நான் குதிரைல வரப்போறேன்டி" என்றாள்.

"இன்னாடி சொல்ற?"

"மூஞ்ச மூடிக்கினு குதிரைல வரேன். எவனும் தம்பிக்கான்னு கேக்க முடியாதில்ல?"

குதிரை அவள் மாமாவுடையது. வில்லியனூர் ஸ்டேஷனில் ஜட்கா வண்டி ஓட்டினார். "அது வண்டியில்லாம போனதே இல்லடி" என்று சொல்லிப் பார்த்திருக்கிறார். இவள் கேட்டால்தானே.

ஞாயிற்றுக்கிழமை காலை. துணி காயப்போடுவதுபோல மண்டபம் முழுக்கக் கயிறு கட்டி காமிக்ஸ்களைத் தொங்கவிட்டிருந்தார்கள். பாகூரிலிருந்து சைக்கிளில் ஒரு கூட்டம், கடலூரிலிருந்து ஒரு கூட்டம்... மீசை வைத்த ஆம்பிளைகள் தரையில் உட்கார்ந்து எந்தத் துப்பறிவாளன் பெரியவன் என்று சண்டை போட்டார்கள். பெண் என்றால் நான் ஒருத்திதான். வாசலிலேயே நின்றுகொண்டேன்.

வந்தாள் பாருங்கள்!

அண்ணனின் கறுப்பு பேன்ட். தோளில் பறக்கும் மழைக்கோட்டு. பின்னலையும் உள்ளே திணித்து, கண்ணுக்கு மட்டும் ஓட்டை விட்ட கறுப்புத் துணி. மண்டபமே வெளியே ஓடிவந்து விசிலடித்தது. ஒரு கையைத் தூக்கி எல்லோருக்கும் சல்யூட் வைத்தாள்.

குதிரை நிற்கவில்லை.

"ஏய்... நில்லு... நில்லுடி ராணீ!" குரல் மட்டும்தான் கேட்டது. எங்களைத் தாண்டி, கடைத்தெருவைத் தாண்டி, அது நேராக ஸ்டேஷனுக்குப் போய்த் தன் வழக்கமான மரத்தடியில் நின்றது. டூட்டிக்கு வந்துவிட்டது!

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினேன். பின்னாலேயே பாகூர் சைக்கிள்கள்.

விழுப்புரம் ரயில் அப்போதுதான் வந்திருந்தது. பையும் கையுமாக இறங்கிய ஒருவர், குதிரைமேல் இருந்த முகமூடியை மேலும் கீழும் பார்த்தார். "மாதா கோயிலுக்கு இன்னாபா கேக்கற? வண்டி எங்க?"

ரெஜினாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மூச்சு முட்ட, துணியை உருவிவிட்டாள். பின்னல் முதுகில் விழுந்தது.

"அட, பொண்ணா!"

ஸ்டேஷன் வாசலில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் ஓடிப்போய் அவள் கையிலிருந்து முகமூடியை வாங்கிக்கொண்டேன். அப்போது, விழாவுக்கென்று அதே ரயிலில் வந்த விழுப்புரம் பையன்கள் கூட்டத்திலிருந்து ஒரு குரல்...

"டேய், நம்மள வரவேற்க ஆள் அனுப்பிக்கிறாங்கடா!"

அவ்வளவுதான். கைதட்டல், விசில். ஊர்வலமாகவே மண்டபத்துக்குத் திரும்பினோம். குதிரையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள் ரெஜினா. முகமூடி என் கையில்.

புத்தகக் கடைக்காரர் வாசலில் திகைத்து நின்றார். "அப்ப இத்தினி நாளா நீதான் படிச்சிக்கினு இருந்தியாம்மா?"

"வேற யாருன்னு நெனச்சீங்க?"

ஆனால் பரிசு கொடுத்து முடித்திருந்தார்கள். பாக்கு மட்டையில் கவசம் செய்து மாட்டிவந்த ஒரு கடலூர்க்காரருக்கு. ரெஜினாவின் முகம் சுருங்கிப் போனது.

விழுப்புரத்துக்காரர் ஒருவர் தன் பையைத் துழாவி அதே புத்தகத்தை வெளியே எடுத்தார். "என்கிட்ட ரெண்டு காப்பி இருக்குது. ஆனா சும்மா தர மாட்டேன். குதிரைல ஒரு ரவுண்டு."

"ஏறுங்க. ஸ்டேஷன்லதான் எறக்கி வுடும், பரவால்லியா?"

அப்படியேதான் நடந்தது. அப்புறம் மாமா போய்க் குதிரை, விழுப்புரத்துக்காரர் இரண்டு பேரையும் ஓட்டிக்கொண்டு வந்தார்.

ரெஜினா மண்டபத்துப் படியில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தாள். மைக்கில் வினாடி வினா, சுற்றிலும் இரைச்சல். அவளுக்கு எதுவும் காதில் விழவில்லை. நான் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தால் முழங்கையால் ஒரு இடி. "பொறுடி. மொதல்ல நான்."

கடைசிப் பக்கத்தை முடித்தாள். பெருமூச்சு விட்டாள். மறுபடி முதல் பக்கத்தைத் திருப்பினாள்!

சாயங்காலம் குதிரையோடு வீட்டுக்குத் திரும்பிய அவளுக்குத் துணையாகப் போனேன். பேன்ட் போட்டுக்கொண்டு குதிரையில் போன நியூஸ் எங்களுக்கு முன்னாலேயே உறுவையாறு போயிருந்தது. அவள் அப்பா வாசலில் நின்றிருந்தார். எங்களைப் பார்க்கவில்லை, குதிரையைப் பார்த்தார்.

"தண்ணி காட்னியா அதுக்கு?"

"காட்னேன்பா."

"செரி. ரெண்டு பேரும் உள்ள போய் சாப்புடுங்க."

பிறகு அவளுக்குக் கல்யாணம், பூரணாங்குப்பத்தில் குடித்தனம், பிள்ளைகள். மில்லும் மூடிப் போனது. நாங்கள் ஒருத்தியை ஒருத்தி விடவில்லை.

போன மாதம் அவளுக்குக் கண் ஆபரேஷன். "எல்லாம் பளிச்சினு தெரியுதுடி, வா, உன் மூஞ்சியப் பாக்கணும்" என்றாள். போனேன். கன்னத்தைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னாடி, இவ்ளோ கெழவியா ஆயிட்ட... சொல்லவே இல்ல?"

நாளை காலை பூரணாங்குப்பத்தில் அடக்கம். மில்லில் கூட இருந்தவர்கள் யாராவது இதைப் பார்த்தால் வந்துவிடுங்கள்.

போய் வாடி, ரெஜினா.