தங்கமணி அக்காவின் ஒன்பது செகண்ட்

தங்கமணி அக்கா போய்விட்டார்.

காலையில் அவர் மகள் போன் பண்ணினாள். நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே... போனை வைத்துவிட்டு இதை எழுதுகிறேன். டைப்பில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தெஹியோவிட்ட பக்கம் எங்கள் கையுறை ஃபெக்டரியில் இருந்தவர்களுக்கு அவரைத் தெரியும். ஒரு ரொபோ கையுறையை அச்சிலிருந்து உரித்துப் போடும், இன்னொரு ரொபோ ட்ரேயைத் தூக்கும். நடுவில் ஓட்டை, கிழிசல் பார்த்து அடுக்குகிற ஒரே மனுஷி அக்காதான்.

நானும் அக்காவின் எஸ்டேட் தோட்டத்துப் பெண்தான். ஃபெக்டரியில் என் வேலை பிளானிங். லைனை நிஜமாக ஓட்டும் முன்பே கம்பியூட்டரில் ஓட்டிப் பார்த்து, எவ்வளவு வேகம் தாங்கும் என்று சொல்ல வேண்டும். சிமியுலேஷன் என்று பெரிய பெயர். ரொபோவுக்கு எத்தனை செகண்ட் என்று அதன் புத்தகத்திலேயே இருக்கிறது. மனுஷருக்கு? ஸ்டொப்வொட்சோடு அக்கா பக்கத்தில் போய் நின்றேன்.

ஜோடிக்கு ஒன்பது செகண்ட். ஒரு மணி நேரம் பார்த்தேன், மாறவே இல்லை. அந்த ஒரு மணி நேரமும் அக்கா தண்ணீர் குடிக்கவில்லை, வியர்வை துடைக்கவில்லை. அதையும் பார்த்தேன். பார்த்துவிட்டு ஒன்பதையே போட்டேன்... மடச்சி!

ட்ரயல் நாள். மெனேஜரும், கையுறை வாங்க வந்த வெளிநாட்டு பையர்களும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம். எனக்கு அப்போது வேலை பெர்மனென்ட் ஆகவில்லை. இது சொதப்பினால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

இருபது நிமிஷம் நன்றாகத்தான் ஓடியது. அப்புறம் அக்காவின் உதடு வெளுத்தது. முன்னால் கையுறை குவிகிறது... ரொபோ நிற்குமா என்ன?

பக்கத்தில் போய், "அக்கா, முடியலைன்னா சொல்லுங்க, நிப்பாட்டிருவோம்" என்றேன்.

"பேசாம இரு புள்ள. நீ டைம் எடுக்குறேன்னுதான் அன்னைக்கு மூச்சப் புடிச்சுக்கிட்டு செஞ்சேன். நம்ம தோட்டத்துப் புள்ள கணக்கு தப்புன்னு இவனுங்க சொல்லிறக் கூடாது."

அப்படியென்றால் அந்த ஒன்பதே பொய்!

அந்த நேரம் பார்த்து ஒரு ட்ரே சரிந்தது. அதைப் பிடிக்க அக்கா ரொபோவின் கைக்குக் கீழே குனிந்தார். கை இறங்கிக்கொண்டிருந்தது.

அக்காவுக்குப் பக்கத்துத் தூணில், கண்ணாடிப் பக்கம் தெரியாமல் இருந்த சிவப்பு பட்டனை ஓங்கி அடித்தேன்.

மொத்த லைனும் நின்றது. ரொபோவின் கை அக்கா தலைக்கு ஒரு சாண் மேலே.

"கவுத நெவெத்துவே?" யார் நிறுத்தியது என்று கத்திக்கொண்டே மெனேஜர் ஓடி வந்தார். நான் பட்டனிலிருந்து கையை எடுத்தேன்.

"மமய் சேர்." நான்தான் சேர் என்றார் அக்கா. தலை சுற்றிவிட்டது என்று சிங்களத்திலேயே சொன்னார்.

நான் சும்மா நின்றேன். சத்தியமாக, சும்மா நின்றேன்.

அக்காவுக்கு வார்னிங் லெட்டர், பெட்டி கட்டுகிற பெக்கிங்குக்கு மாற்றம். நான் செகண்டைக் கூட்டிப் போட்டு மறுபடி ஓட்டிக் காட்டினேன்... எனக்குப் பாராட்டு. அடுத்த மாதமே பெர்மனென்ட்.

கென்டீனில், "ஏன்க்கா அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டேன். "சோத்தத் தின்னு, ஆறிரும்" என்றார். அதோடு சரி. அக்காவும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

இன்று மகள் அழுதுகொண்டே இன்னொன்றும் சொன்னாள். "அக்கா, அம்மா அன்னைக்கு லைன நிப்பாட்டி உங்க வேலைக்கே வேட்டு வைக்கப் பாத்தாங்கல்ல... அத மனசுல வச்சுக்காதீங்க. அம்மாவ மன்னிச்சிருங்க."

பெற்ற மகளிடம்கூட உண்மையைச் சொல்லவில்லை அந்த மனுஷி.

போனில் "சரிம்மா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். அதனால் ஃபெக்டரி ஆட்கள் எல்லோரும் பார்க்கிற இந்த ஃபேஸ்புக் குரூப்பில் எழுதுகிறேன். பட்டனை அடித்தது நான். தப்புக் கணக்கும் என்னுடையது.

நாளை மதியம் தோட்டத்தில் அடக்கம். உங்கள் மகளிடம் நேரில் சொல்ல வருகிறேன், அக்கா.