தம்பி இறங்கிய ஸ்டேஷன்

போன வருஷம் மழைக்காலம் முடிந்த கொஞ்ச நாளில் நடந்தது இது. இடம், சீனாவில் குன்மிங்கிலிருந்து குவாங்சோவுக்குப் போகும் அதிவேக ரயில்.

நான் யாங்கோன்காரி, அதாவது ரங்கூன்காரி. வீடு அங்கே தின்கன்ஜூன் பகுதியில். எனக்கும் என் கணவருக்கும் நகரத்தின் நடுவில், லத்தாவில் ஒரு சின்ன மொத்தக் கடை இருக்கிறது. பொத்தான், ஜிப், லேஸ் என்று தையல்காரர்களுக்கு வேண்டிய சாமான்கள் விற்கிறோம். கணவர் பர்மியர். வீட்டில் புழங்குவது பெரும்பாலும் பர்மியப் பேச்சுதான். சாமி கும்பிடும்போதும் கோபம் வரும்போதும்தான் எனக்குத் தமிழ் வரும். தம்பியோடு பேசும்போதும்.

தம்பி எங்களோடுதான் இருக்கிறான். நாற்பதைத் தாண்டிவிட்டான், மனசு மட்டும் சின்னப் பிள்ளையாகவே நின்றுவிட்டது. குளிப்பான், சாப்பிடுவான், கடையில் பொத்தான்களை நிறம் பார்த்துப் பிரித்து வைப்பான். அவனுக்கு உயிரென்றால் அது ரயில்தான். எங்கள் ஊரில் நகரத்தைச் சுற்றி வருகிற வட்ட ரயில் இருக்கிறதே, லீவு நாளில் அதில் அவனைக் கூட்டிப்போய் ஒரு சுற்று சுற்றி வந்தால் ஒரு வாரத்துக்கு அதையே பேசிக்கொண்டிருப்பான்.

சரக்கு பார்க்க நான் குவாங்சோ போவதாக முடிவானதும், கணவர்தான் சொன்னார்.

"தம்பியையும் கூட்டிட்டுப் போ. என் போன்ல அந்தச் சீன ரயிலைப் போட்டுப் போட்டுப் பார்க்கிறான் பாவம். ஒரு தடவை ஏறிப் பார்க்கட்டும்."

குவாங்சோவுக்கு நேராகவே விமானத்தில் போயிருக்கலாம். அவனுக்காகத்தான் குன்மிங்கில் இறங்கி, அங்கிருந்து ரயில் என்று வைத்துக்கொண்டோம்.

அன்று காலை ஓட்டலில் எங்களுக்குள் ஒரு சண்டை. அவனுக்காக வாங்கி வைத்திருந்த பேன்ட்டைப் போடச் சொன்னேன். மாட்டேன் என்றான். பச்சைக் கட்டம் போட்ட லோஞ்சி, அதாவது எங்கள் ஊர்க் கைலிதான் கட்டுவானாம். கன்னத்தில் சந்தனம் மாதிரி அரைத்துப் பூசும் தனக்கா வேறு இரண்டு பக்கமும் வட்டமாகப் பூசிக்கொண்டு வந்து நின்றான். இப்படியே வந்தால் எல்லாரும் நம்மையே பார்ப்பார்கள் என்றேன். "பார்க்கட்டுமே" என்றான். அதற்கு மேல் அவனிடம் பேசி ஜெயிக்க முடியாது. ரயில் ஏறுமுன் ஸ்டேஷன் வாசலில் நிற்க வைத்து ஒரு போட்டோ எடுத்து கணவருக்கு அனுப்பினேன்.

ரயில் கிளம்பியதும் எல்லாக் கோபமும் போய்விட்டது. தண்ணீர் பாட்டில் கூட ஆடாமல் அது ஓடியது. மலை வரும், குகை வரும், வெளியே வந்தால் பள்ளத்தாக்கு, மறுபடி குகை. கதவுக்கு மேலே ஒரு பலகையில் வேகம் சிவப்பு எழுத்தில் மாறிக்கொண்டே இருந்தது. இருநூறைத் தாண்டியபோது தம்பி என் கையைப் பிடித்து அழுத்தினான். அவன் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை.

நானிங் என்ற பெரிய ஸ்டேஷனில் ரயில் கொஞ்சம் கூடுதலாக நின்றது. நிறைய பேர் இறங்கி, நிறைய பேர் ஏறினார்கள். கப் நூடுல்ஸுக்குச் சுடுதண்ணீர் பிடிக்கலாம் என்று நான் பெட்டியின் கோடிக்குப் போனேன். தம்பியிடம் இங்கேயே இரு என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். குழாய் முன்னால் நாலைந்து பேர் நின்றார்கள். நான் பிடித்துக்கொண்டு திரும்பும்போதே ரயில் நகர ஆரம்பித்துவிட்டது.

சீட்டில் தம்பி இல்லை.

பாத்ரூமுக்குப் போயிருப்பான் என்று நினைத்தேன். போய்ப் பார்த்தேன், காலி. அடுத்த பெட்டி, அதற்கடுத்த பெட்டி என்று நடந்தேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே ஓடினேன். சீட்டில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். திரும்பி வந்தபோது, எங்களுக்கு எதிர் வரிசையில் இருந்த ஒரு சீனப் பெண் எழுந்து நின்றாள். என் வயதுதான் இருக்கும். ஜன்னலைக் காட்டினாள், பிறகு இரண்டு விரலால் நடந்துபோகிற மாதிரி செய்து, பின்பக்கமாகக் கையை நீட்டினாள்.

இறங்கிவிட்டான்.

எப்படி இறங்கினான் என்று யோசிக்கவே வேண்டியதில்லை, எனக்கு உடனே புரிந்துவிட்டது. எங்கள் வட்ட ரயில் ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் நிற்கும். தம்பி இறங்கி, பிளாட்பாரத்தில் நாலு எட்டு நடந்து, என்ஜினைப் பார்த்துவிட்டு, அது நகரத் தொடங்கியதும் சாவகாசமாக ஏறிக்கொள்வான். அவ்வளவு மெதுவாகப் போகும் அது. இங்கேயும் அதையே செய்திருக்கிறான்.

அவனுடைய பாஸ்போர்ட் என் பையில். அவனிடம் போன் கிடையாது. சீன மொழியில் ஒரு வார்த்தை தெரியாது. கையில் நூடுல்ஸ் கப்போடு நான் நிற்கிறேன், ரயில் என்னைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறது. காலையில் நாங்கள் பெருமையாகப் பார்த்த அந்தச் சிவப்பு எண் ஏறிக்கொண்டே போனது. அது ஒவ்வொன்றாக ஏற ஏற அவன் அவ்வளவு தூரம் பின்னால் போகிறான்.

சீருடை போட்ட ரயில் பணிப்பெண் ஒருத்தி வந்தாள். அந்தச் சீனப் பெண்தான் கூட்டி வந்திருந்தாள். என் போனில் மொழிபெயர்ப்பு இருந்தது. அவசரத்தில் யாரை என்று எழுதாமல், விட்டுவிட்டு வந்துவிட்டேன், நானிங்கில் இருக்கிறது என்று பர்மியத்தில் தட்டினேன். அவள் படித்துவிட்டு, அமைதியாகத் திருப்பி ஒன்று தட்டிக் காட்டினாள். பெட்டி என்ன நிறம், என்று கேட்டிருந்தாள்.

பெட்டி இல்லை, என் தம்பி என்று தட்டினேன். என்ன வயது என்றாள். சொன்னேன். அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. பெரியவர்தானே, அடுத்த ரயிலில் வந்துவிடுவார், கவலைப்படாதீர்கள்.

அப்போதுதான் நான் அந்த வார்த்தையைத் தட்ட வேண்டி வந்தது. ஊரில் யார் கேட்டாலும், கூச்ச சுபாவம், அதிகம் பேசமாட்டான் என்று சொல்லி நான் நகர்ந்துவிடுவேன். விளக்கம் சொன்னால் அடுத்து வருகிற அந்த இரக்கப் பார்வையைத் தாங்க எனக்குத் தெம்பு இருப்பதில்லை. அன்று, ரயில் பெட்டியில், முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் எழுதினேன். அவன் உடம்புக்குத்தான் பெரியவன். புத்தி சின்னக் குழந்தைக்கு உள்ளது. தனியாக அவனுக்கு எதுவும் தெரியாது.

அவள் படித்தாள். தோளில் இருந்த வாக்கிடாக்கியை எடுத்துப் பேச ஆரம்பித்தாள். நடுவில் திரும்பி, சட்டையைத் தொட்டுக் காட்டி, என்ன உடுப்பு என்று சைகையில் கேட்டாள். காலையில் எடுத்த போட்டோவைக் காட்டினேன். பச்சைக் கட்டம் லோஞ்சி, கன்னத்தில் தனக்கா. அவள் முகத்தில் சின்னச் சிரிப்பு வந்தது. ஆயிரம் பேர் நிற்கிற அந்த ஸ்டேஷனில் இப்படி ஒரு ஆள்தான் இருக்க முடியும் என்று நினைத்திருப்பாள்.

பிறகு குகைகள் வந்தன. சிக்னல் போனது, வந்தது, போனது. நான் சீட்டில் உட்காரவில்லை. கதவுப் பக்கத்தில் நின்றுகொண்டு முருகா முருகா என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். எதிர் வரிசைப் பெண் என் கையிலிருந்த கப்பை வாங்கிக் கீழே வைத்தாள். அப்போதுதான் தெரிந்தது, சுடுதண்ணீர் சிந்தி என் விரல்கள் சிவந்திருந்தன.

அவன் தண்டவாளத்தில் இறங்கி ரயில் பின்னால் ஓடியிருந்தால்? பயந்துபோய் ஸ்டேஷனை விட்டு வெளியே போயிருந்தால்? கணவருக்குப் போன் செய்ய வேண்டும் என்று தோன்றியது. என்னவென்று சொல்வது? கிடைக்கட்டும், அப்புறம் சொல்லலாம் என்று போனைக் கையிலேயே வைத்துக்கொண்டேன்.

பணிப்பெண் ஓட்டமாக வந்தாள். போனை என் முன்னால் நீட்டினாள். நானிங்கிலிருந்து யாரோ அனுப்பிய ஒரு போட்டோ. பிளாட்பாரத்தில், ரயில் ஏறும் இடத்துக்குப் போடப்பட்ட கோட்டுக்குச் சரியாகப் பின்னால், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் என் தம்பி. கையில் ஏதோ ஒரு பன். பக்கத்தில் ஸ்டேஷன் ஊழியர் ஒருவர், வயதானவர், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு காவல் மாதிரி நிற்கிறார்.

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது. அந்தப் பெட்டியில் இருந்தவர்கள் எல்லாரும் அந்தப் போட்டோவை எட்டிப் பார்த்தார்கள். ஒரு பெரியவர் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார்.

பிறகுதான் விவரம் தெரிந்தது. ஊழியர்கள் அவனை அறைக்குள் கூட்டிப்போகப் பார்த்திருக்கிறார்கள். அவன் அந்த இடத்தை விட்டு அசையவில்லை. கையைப் பிடித்தால் கோட்டுக்குப் பின்னாலேயே மறுபடி வந்து நின்றுகொண்டானாம். அவர்கள் இழுக்கவில்லை, அதட்டவில்லை. உள்ளே போய் ஒரு நாற்காலியை எடுத்துவந்து அவன் நிற்கிற இடத்திலேயே போட்டுவிட்டார்கள்.

அடுத்த ஸ்டேஷனில் நான் இறங்கிக் காத்திருக்க வேண்டும், பின்னால் வருகிற ரயிலில் அவனை ஏற்றி அனுப்புவார்கள் என்று ஏற்பாடானது. நான் பெட்டிகளை இறக்கினேன். எனக்குப் பின்னால் அந்த எதிர் வரிசைப் பெண்ணும் தன் பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். அவளுடைய ஊர் அதுதான் போலிருக்கிறது என்று நினைத்தேன். ரயில் போய்விட்டது. அவள் வெளியே போகாமல் என் பக்கத்திலேயே பெஞ்சில் உட்கார்ந்தாள்.

உங்கள் வீடு எங்கே என்று போனில் கேட்டேன். குவாங்சோ என்றாள். அப்படியென்றால் ஏன் இறங்கினீர்கள் என்று கேட்டேன். அவள் தட்டியது என் போனில் பர்மியத்தில் வந்தது.

"ஒலிபெருக்கியில் சொல்வது உங்களுக்குப் புரியாது. நான் வீட்டுக்குத்தான் போகிறேன். வீடு எங்கேயும் போய்விடாது."

அதை இரண்டு மூன்று தடவை படித்தேன். நன்றி என்று தட்டினேன். அதைவிடப் பெரிய வார்த்தை ஒன்றும் எனக்கு எந்த மொழியிலும் கிடைக்கவில்லை. அவள் தன் குடுவையிலிருந்து மூடியில் வெந்நீர் ஊற்றிக் கொடுத்தாள். இரண்டு பேரும் மாறி மாறிக் குடித்தோம். நடுவில் பிளாட்பாரம் மாற்றி ஒரு அறிவிப்பு வந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள்தான் சட்டென்று எழுந்து, என் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு, வா என்று கையைக் காட்டினாள். அவள் இல்லாவிட்டால் தம்பி ஒரு பக்கம் இறங்க, நான் இன்னொரு பக்கம் நின்றிருப்பேன்.

ரயில் வந்தது. கதவு திறந்ததும் முதலில் தெரிந்தது அந்தப் பச்சைக் கட்டம்தான். சீருடைக்காரர் ஒருவர் அவன் தோளைத் தொட்டு என்னைக் காட்டினார். தம்பி என்னை மேலும் கீழும் பார்த்தான். நான் அவனைக் கட்டிக்கொள்ள ஓடினேன். அவன் முகத்தில் கோபம்.

"எங்க போன அக்கா? நான் எவ்வளவு நேரம் நின்னேன் தெரியுமா?"

"நீ ஏன்டா இறங்கின?"

"நான் இறங்கி ரயிலைப் பார்த்தேன். நீதான் போயிட்ட. சரி, சுத்திட்டு வரும்னு அங்கேயே நின்னேன். சுத்தவே இல்ல. இந்த ரயில் சரியில்ல அக்கா."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அவன் பயப்படவே இல்லை. வட்ட ரயில் மாதிரி இதுவும் ஊரைச் சுற்றிவிட்டு என்னையும் ஏற்றிக்கொண்டு அதே இடத்துக்கு வரும் என்று நம்பி, அந்தக் கோட்டை விட்டு நகராமல் இருந்திருக்கிறான். தனியாக அவனுக்கு எதுவும் தெரியாது என்று நான் எழுதிக் காட்டினேனே, அந்த நேரத்தில் செய்யவேண்டிய சரியான காரியத்தை அவன் செய்துகொண்டிருந்தான்.

அந்தச் சீனப் பெண்ணைக் காட்டி, இவங்கதான் எனக்குத் துணைக்கு இருந்தாங்க என்றேன். அவன் கையைக் கட்டிக்கொண்டு, பர்மிய முறைப்படி பவ்யமாகத் தலை குனிந்தான். பிறகு பாதி தின்ற பன்னைப் பிய்த்து அவளிடம் நீட்டினான். அவள் வாங்கிச் சாப்பிட்டாள்.

ஸ்டேஷன்காரர்களே எங்களை அடுத்த ரயிலில் ஏற்றிவிட்டார்கள். அவளுக்கு வேறு பெட்டியில் இடம். குவாங்சோவில் இறங்கியபோது கூட்டத்தில் தேடினேன். தூரத்தில் படியில் ஏறிக்கொண்டே கையை ஆட்டினாள். பெயர்கூடக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

ஸ்டேஷனிலிருந்தே கணவருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்ததும், தம்பியிடம் போனைக் கொடு என்றார். தம்பி வாங்கி, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்.

"மாமா, அக்கா தொலைஞ்சு போச்சு. பரவாயில்ல, கிடைச்சிடுச்சு."

ஊருக்கு வந்த பிறகு எனக்குள் ஒரு மாற்றம். தம்பியைப் பற்றி யார் கேட்டாலும் மழுப்புவதில்லை. தெருமுனை டீக்கடையில், மார்க்கெட்டில், பஸ் ஏற்றிவிடும் பையன்களிடம், இவன் இப்படித்தான், கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று நேராகவே சொல்லிவிடுகிறேன். இரக்கப் பார்வை வரத்தான் செய்கிறது. ஆனால் அதற்குப் பின்னாலேயே பல பேரிடம் உதவியும் வருகிறது. போன வாரம் கரண்ட் போன நேரத்தில் நான் கடையில் மாட்டிக்கொண்டபோது, டீக்கடைக்காரர் அவனை வீடு வரை கொண்டுபோய் விட்டுவிட்டு, கதவைச் சாத்தச் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார்.

எனக்கும் வயதாகிறது. எனக்குப் பிறகு இவனுக்கு யார் என்ற கேள்வி இன்றைக்கும் இருக்கிறது. ஆனால் மொழி தெரியாத ஒரு ஊரில், யாரென்றே தெரியாதவனுக்காக ஒரு மனிதர் நாற்காலி தூக்கிவந்து போட்டதை நினைத்தால், அந்தக் கேள்வியோடு என்னால் நிம்மதியாகத் தூங்க முடிகிறது.